புற்றுநோய்ச் சிறப்புச் செவிலியர்: ஒரு மாவட்ட மருத்துவமனை இந்தப் பணியை உருவாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நாட்டின் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளுக்குள் புற்றுநோய்க்கான பகல்நேரச் சிகிச்சை மையங்கள் வரும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 200 மையங்கள். கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொள்வதற்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்கோ வேலூருக்கோ ராத்திரி பஸ் ஏறும் குடும்பங்களுக்கு இது நல்ல செய்தி. கட்டடம் வரும், சாய்வு நாற்காலிகள் வரும், ஏ.சி.யும் வரும். அங்கே டிரிப் போடப்போகும் செவிலியர் யார், அவருக்கு யார் எப்போது சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்குத்தான் பல இடங்களில் இன்னும் விடை இல்லை.

மருந்துத் திட்டம் பெரும்பாலும் பெரிய மையத்திலேயே முடிவாகி வந்துவிடும். மருத்துவர் காலையில் ஒரு சுற்று வந்து கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு ஐந்தாறு மணி நேரம் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் ஸ்டாஃப் நர்ஸ் மட்டும்தான். ஊசி ரத்தநாளத்தைவிட்டு விலகினாலும், பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் மூச்சு முட்டினாலும், ‘இதோட நிறுத்திடலாம் சிஸ்டர், என்னால முடியல’ என்று ஒரு அம்மா அழுதாலும் முதலில் அறிகிறவர் அவர்.

மருத்துவமனைகள் வழக்கமாகச் செய்வது இதுதான். இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அவர்கள் சான்றிதழோடு திரும்பி வந்து மூன்று மாதம் கீமோ பிரிவில் வேலை பார்ப்பார்கள். நாலாவது மாதம் டூட்டி சுழற்சியில் ஒருவர் பிரசவ வார்டுக்கும் மற்றவர் அறுவை அரங்குக்கும் போய்விடுவார்கள். கீமோ பிரிவுக்கு நேற்றுவரை அந்த மருந்தைத் தொட்டே பார்க்காத ஒருவர் வருவார். படிப்பு வீணாகவில்லை என்று வாதாடலாம். நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி படிப்பிலிருந்து தொடங்கவில்லை. பதவியிலிருந்து தொடங்குகிறது.

இருக்கை முதலில், படிப்பு பிறகு

நர்சிங் சூப்பிரண்டெண்டும் மருத்துவக் கண்காணிப்பாளரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஓர் அலுவலக ஆணை இல்லாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். வாய்மொழி உத்தரவாதம் அடுத்த இடமாற்றம் வரைக்கும்தான் தாங்கும். ஆணை நீளமாக இருக்க வேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

‘பகல்நேர கீமோ பிரிவுக்கு நியமிக்கப்படும் மூன்று செவிலியர்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பொது வார்டு சுழற்சியிலிருந்து விலக்கப்படுகின்றனர். தகுதிச் சரிபார்ப்பு முடிக்காத எவரும் கீமோ மருந்தைத் தனியாகச் செலுத்தக் கூடாது. விடுப்புக்கால மாற்றாக மேலும் இருவர் பயிற்சி பெற்ற நிலையில் வைத்திருக்கப்படுவர். ஐயமிருக்கும்போது மருந்தைத் தொடங்காமல் நிறுத்திவைக்கும் உரிமை செவிலியருக்கு உண்டு.’

கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு வரும். ‘அப்படின்னா டாக்டர் எதுக்கு?’ என்று ஒருவராவது கேட்பார். விடாதீர்கள். அந்த வரி இல்லாத ஆணை வெறும் டூட்டி லிஸ்ட்.

மூன்று பேர் என்பது என் கணக்கு. ஒருவர் மகப்பேறு விடுப்பில் போவார், ஒருவருக்கு வெளிநாட்டு வேலை கிடைக்கும். ஒருவராவது மிஞ்ச வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. நன்றாகப் பழகிய ஆன்காலஜி (புற்றுநோய்) நர்ஸுக்கு வளைகுடாவிலும் பிரிட்டனிலும் வேலை காத்திருக்கிறது. பத்திரம் எழுதி வாங்கிக் கட்டிப்போடுவதைவிட, சிறப்புப் பணிக்கென்று மாதம் ஒரு படி கொடுப்பதும் இரவு டூட்டியைக் குறைப்பதும் மலிவு. தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியரை இந்தப் பணியில் போடுவதானால், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதே பிரிவுக்கே திரும்ப வருவார் என்பதையும் ஆணையில் எழுதிவிடுங்கள்.

ஒரு வாரம் நோயாளியின் பின்னால் நடந்து பாருங்கள்

பாடத்திட்டம் எழுதுவதற்கு முன், நியமனமான மூவரும் ஆளுக்கொரு நோயாளியைத் தேர்ந்து, அவர் ஓ.பி. சீட்டு வாங்குவதிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை கூடவே இருக்கட்டும். கையில் ஒரு நோட்டு போதும். உயரமும் எடையும் இன்று அளந்தார்களா, போன தடவை எழுதியதையே திரும்ப எழுதினார்களா? மருந்தளவுக்காக உடல் பரப்பளவைக் கணக்கிட்டது யார், அதைச் சரிபார்த்தது யார்? மருந்தைக் கலந்தது எந்த மேஜையில்? அந்த மேஜையில் பிறகு யாராவது டிபன் பாக்ஸைத் திறந்தார்களா? நோயாளி வாந்தி எடுத்தபோது அதைத் துடைத்தவர் கையுறை போட்டிருந்தாரா? வீட்டுக்குப் போனபின் ராத்திரி காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று நோயாளிக்குத் தெரியுமா?

இந்தக் குறிப்புகள்தான் உங்கள் மருத்துவமனையின் பாடத்திட்டம். வெளியூர்ப் பயிற்சி ஏடுகளில் இது கிடைக்காது. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில் ‘தெரியாது’ என்பதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

மருந்து முதலில் உங்களைத் தொடக் கூடாது

கீமோ மருந்துகளில் பல, நல்ல செல்லையும் சிதைக்கும் நஞ்சு. அவற்றில் சில, தாமே புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. மாதம் ஒருமுறை ஏற்றிக்கொள்ளும் நோயாளிக்கு அதனால் லாபம் உண்டு. தினமும் பத்து பாட்டில் உடைக்கும் செவிலியருக்கு ஒரு லாபமும் இல்லை.

கலப்பதற்கென்று தனி அறை வேண்டும்; உள்ளே இரண்டாம் வகை உயிரியல் பாதுகாப்புப் பெட்டி வேண்டும். காற்றை வடிகட்டி வெளியே தள்ளும் பி2 ரகம் சிறந்தது. மருந்தாளுநர் கலந்து கொடுத்தால் இன்னும் நல்லது. பெட்டி வாங்கப் பணம் வரும்வரை வார்டு மேஜையில் ஃபேனுக்கு அடியில் கலந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால், பணம் வரும்வரை மாத்திரை வடிவக் கீமோவோடு நிறுத்திக்கொண்டு, ஊசி மருந்துகளைப் பெரிய மையத்திலேயே போட்டுவரச் சொல்லுங்கள். இதில் நான் சமரசம் பேசமாட்டேன்.

கையுறை இரண்டு அடுக்கு. உள் அடுக்கு கவுன் கைக்கு அடியில், வெளி அடுக்கு கைக்கு மேலே. பின்பக்கம் கட்டும், நீர் ஊடுருவாத கவுன். தெறிக்கும் வாய்ப்பிருந்தால் கண்ணாடி. கருவுற்றிருப்பவர், குழந்தைக்குப் பாலூட்டுபவர், கருத்தரிக்க முயல்பவர் மூவரையும் கேட்டு, விரும்பினால் மருந்து கையாளும் வேலையிலிருந்து மாற்றிவிட வேண்டும். ‘கேட்டு’ என்பது முக்கியம். பல பெண்கள் கடைசி வகையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆண்டுக்கொருமுறை எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுவது மரியாதை.

மருந்து ஏறியபின் குறைந்தது 48 மணி நேரத்துக்கு நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி எல்லாவற்றிலும் மருந்தின் மிச்சம் இருக்கும். இதைத் தூய்மைப் பணியாளருக்குச் சொல்லாத பயிற்சி அரைப் பயிற்சி. அவரையும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள், அவருக்கும் அதே கையுறையைக் கொடுங்கள். வீட்டில் கழிப்பறைக் கோப்பைக்கு மூடி இருந்தால் அதை மூடி, இருமுறை தண்ணீர் விடச் சொல்வதும், அழுக்குத் துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்வதும் டிஸ்சார்ஜ் நேரத்து வேலை. காலி பாட்டில், ஊசி, குழாய் எல்லாம் ‘சைட்டோடாக்ஸிக்’ (செல்லைச் சிதைக்கும் நஞ்சு) என்று முத்திரையிட்ட மஞ்சள் நிறக் கலத்துக்குள் போக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அது 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்கப்பட வேண்டியது. சாதாரண மஞ்சள் பையோடு கலந்துவிட்டால் அந்த வெப்பம் அதற்குக் கிடைக்காது.

கல்வி: வெளியே ஒரு பாதை, உள்ளே ஒரு பாதை

வெளிப் பாதை தெளிவானது. இந்திய நர்சிங் கவுன்சில் வரையறுத்த ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமா ஆன்காலஜி நர்சிங்குக்கு இருக்கிறது. பதிவுபெற்ற செவிலியர், ஜி.என்.எம். டிப்ளமா படித்தவரோ பி.எஸ்சி. படித்தவரோ, சேரலாம். எம்.எஸ்சி.யில் மருத்துவ-அறுவை நர்சிங்கின் உட்பிரிவாகவும் ஆன்காலஜி உண்டு. தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் நீண்ட மரபு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. இப்படிப்பட்ட பெரிய மையம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டு, உங்கள் செவிலியர் இரண்டு வாரமாவது உடனிருந்து பார்த்துவர ஏற்பாடு செய்யுங்கள். ஏட்டுப் படிப்பில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்: வேகமாக வேலை செய்யும்போதும் எந்தப் படியைத் தாண்டக் கூடாது என்கிற பழக்கம்.

ஆனால் எல்லோரையும் ஓராண்டு அனுப்ப முடியாது. அதனால் உள்ளே நடக்கும் பன்னிரண்டு வாரப் பயிற்சிதான் அசல் தூண். அதை வகுப்பறையில் நடத்தாதீர்கள். வாரம் ஒரு மணி நேரப் பேச்சு போதும். மீதியெல்லாம் நாற்காலிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு செயலுக்கும் மூன்று கட்டம்: பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் பார்க்கத் தான் செய்வது, தனியாகச் செய்வது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதியும் கையெழுத்தும் வேண்டும். புதியவர் தேர்ந்தவராவதற்கு ஐந்து நிலைகள் உண்டு என்று அமெரிக்கச் செவிலியர் பட்ரீஷியா பென்னர் 1980-களில் எழுதியது இன்றும் நர்சிங் கல்லூரிகளில் பாடம். நடைமுறையில் அதன் பொருள், பத்து ஆண்டு அனுபவமுள்ள ஐ.சி.யு. சிஸ்டரும் கீமோ பிரிவில் முதல் நாள் புதியவர்தான் என்பது. அவருக்கு அது கசக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாடத்தைத் தமிழில் நடத்துங்கள். மருந்துப் பெயரும் அளவும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். ஏன், எதற்கு என்பது தமிழில் இருக்கட்டும். ‘புரிந்ததா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

எதைச் சொல்லிக் கொடுப்பது? மருந்து மருந்தாகப் போவதே நல்லது. சில எடுத்துக்காட்டுகள்:

ஆக்ஸாலிபிளாட்டினை சலைனில் கலக்கக் கூடாது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்தான். ஏற்றிய பின் சில நாளைக்குக் குளிர்ந்த தண்ணீர், ஐஸ் எதையும் தொடக் கூடாது. தொட்டால் விரலும் தொண்டையும் மின்சாரம் பாய்ந்ததுபோல் கூசும். ஃப்ரிட்ஜைத் திறப்பதைக்கூட வீட்டில் வேறொருவர் செய்யட்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

பாக்லிடாக்ஸெலுக்கு பி.வி.சி. இல்லாத குழாயும் நுண்வடிகட்டியும் தேவை. ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகள் கொடுத்தாகிவிட்டதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. முதல், இரண்டாம் சுற்றுகளில் முதல் பதினைந்து நிமிடம் செவிலியர் அந்த நாற்காலியைவிட்டு நகரவே கூடாது. அதே நாளில் சிஸ்பிளாட்டினும் இருந்தால் பாக்லிடாக்ஸெல் முதலில்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு திரவம் உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்தது என்பதை எழுதாத கேஸ் ஷீட் அந்த மருந்துக்குச் செல்லாது.

டாக்ஸோரூபிசின் இதயத்தைத் தளர்த்தும்; அதற்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு, சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை. வேறு மருத்துவமனையில் ஏற்கெனவே எவ்வளவு வாங்கினார் என்று கேட்டுக் கூட்டிவைப்பது செவிலியரின் நோட்டில் இருக்க வேண்டிய வேலை.

வின்கிறிஸ்டின் ரத்தநாளம் (சிரை) வழியாக மட்டும்தான். முதுகுத்தண்டுக்குள் தவறிப் போனால் உயிர் போய்விடும். உலகெங்கும் அப்படி நடந்திருக்கிறது. அதனால்தான் அதை சிரிஞ்சில் எடுக்காமல் சிறு பையில் கலந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எச்சரிக்கை விடுத்தது. பையை யாரும் முதுகில் குத்தமாட்டார்கள். முதுகுத்தண்டு ஊசி போடும் நாளில் வின்கிறிஸ்டின் அதே அறைக்குள் வரவே கூடாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைச் சரிபார்ப்பு பற்றி ஒரு வார்த்தை. 2006-ல் கனடாவின் எட்மன்டன் நகரில் நான்கு நாளில் ஏற வேண்டிய ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்து நான்கு மணி நேரத்தில் ஏறிவிட்டது, நோயாளி இறந்துபோனார். மருந்து ஏற்றும் பம்பின் வேகத்தைக் கணக்கிடும்போது 24-ஆல் வகுக்கும் படி விடுபட்டு, மணிக்கு 1.2 மில்லி என்பதற்குப் பதில் 28.8 மில்லி என்று அமைக்கப்பட்டது. இரண்டாவது செவிலியரும் சரிபார்த்திருந்தார். அவரிடமும் பிழை சிக்கவில்லை. முதலாமவர் போட்ட கணக்கைப் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. இரண்டாமவர் விடையைப் பார்க்காமல் தனித்தாளில் கணக்குப் போட வேண்டும், பிறகு இரண்டு தாளையும் ஒப்பிட வேண்டும். கூடவே ஒரு சாதாரணக் கேள்வி: இந்த வேகத்தில் போனால் பை எப்போது காலியாகும்? இன்று மதியமா, வெள்ளிக்கிழமையா?

மருந்து வெளியே கசிந்தால்

கீமோ பிரிவில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது இது. டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின் போன்றவை ரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் அழுகும். முதலில் எரிச்சல், பிறகு வீக்கம், சில சமயம் ஒரு அறிகுறியும் இல்லாமல் டிரிப்பின் வேகம் மட்டும் குறையும்.

1. டிரிப்பை உடனே நிறுத்துங்கள். வென்ஃப்ளானை (கையில் செருகியிருக்கும் ஊசிக்குழாயை) பிடுங்காதீர்கள்.
2. குழாயைக் கழற்றி, அதே வென்ஃப்ளான் வழியாக சிரிஞ்சால் முடிந்த அளவு மருந்தை உறிஞ்சி எடுங்கள். அதன் பிறகு வென்ஃப்ளானை எடுக்கலாம். அந்த இடத்தை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது.
3. சிவந்த இடத்தைப் பேனாவால் சுற்றிக் கோடிட்டு, போட்டோ எடுத்து, நேரத்தை எழுதுங்கள். கையை உயர்த்தி வையுங்கள்.
4. டாக்ஸோரூபிசின் வகை என்றால் குளிர் ஒத்தடம். வின்கிறிஸ்டின் வகை என்றால் சூடான ஒத்தடம். இது மாறிப்போனால் கேடு அதிகமாகும். சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.
5. மருத்துவரை அழையுங்கள். மாற்று மருந்து கொடுப்பது பற்றி அவர் முடிவு செய்வார். டாக்ஸோரூபிசினுக்கான டெக்ஸ்ராஸாக்ஸேனை 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அது விலை உயர்ந்தது. உங்கள் ஊரில் எங்கே கிடைக்கும் என்று இன்றைக்கே விசாரித்துவைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை இதை ஒத்திகை பாருங்கள். ரப்பர் கையில் சிவப்பு மை கலந்த தண்ணீரை ஏற்றி, கசியவிட்டு, கடிகாரத்தை வைத்து. முதல் ஒத்திகையில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ராத்திரி வரும் காய்ச்சல்

கீமோ ஏறி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்தச் சமயத்தில் வரும் காய்ச்சலை ‘சும்மா ஜுரம்’ என்று பாராசிட்டமால் போட்டுத் தூங்கிவிட்டால் காலையில் நிலைமை கைமீறிப் போயிருக்கலாம். ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது 100.4 ஒரு மணி நேரம் நீடிப்பது, அதோடு நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணு) 500-க்குக் கீழே: இது அவசர நிலை. வந்து சேர்ந்த 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். நோயாளிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ‘100.4 தொட்டால் போன் செய்யுங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதும்.

சிறப்புச் செவிலியரின் அதிகாரம் உண்மையானதா, பெயருக்கா என்பது இங்கே தெரிந்துவிடும். நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு இது. பிரிவுக்கென்று ஒரு செல்போன், எந்நேரமும் பயிற்சி பெற்ற ஒருவர் கையில். நோயாளிக்கு ஒரு சிவப்பு அட்டை: ‘நான் கீமோ எடுத்துக்கொள்பவர். காய்ச்சலோடு வந்திருக்கிறேன். என்னை வரிசையில் நிறுத்தாதீர்கள்.’ கூடவே ஒரு தெர்மாமீட்டர். நூறு, இருநூறு ரூபாய்ப் பொருள், அதை மருத்துவமனையே கொடுக்கலாம். கேஷுவாலிட்டியில் ஒரு நிலையாணை, மருத்துவர்கள் முன்கூட்டியே கையெழுத்திட்டது: சிவப்பு அட்டையோடு வருபவருக்குச் செவிலியரே ரத்த மாதிரி எடுத்து கல்ச்சருக்கு (கிருமிச் சோதனைக்கு) அனுப்பலாம், ஒவ்வாமை இல்லை என்று கேட்டுக்கொண்டு முதல் டோஸைத் தொடங்கலாம். இந்தியாவில் செவிலியர் தாமாக மருந்து எழுத முடியாது. ஆகவே கையெழுத்திட்ட நிலையாணையே இதற்கு வழி.

போனை எடுப்பவருக்கும் பயிற்சி வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்த கேள்வித்தாளைச் செவிலியர்கள் பயன்படுத்துகிறார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு என ஒவ்வொன்றுக்கும் எந்த அளவு என்றால் உடனே வர வேண்டும், எந்த அளவு என்றால் நாளை மறுபடி கூப்பிட்டால் போதும் என்று. அதைப் பார்த்து உங்கள் ஊருக்கேற்ப ஒன்றைத் தயாரிக்கலாம். நம் ஊருக்கென்று சேர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘வேற ஏதாவது மருந்து, கஷாயம், சாறு எடுக்குறீங்களாம்மா?’ முள்சீத்தாப் பழமும் இலையும் புற்றைக் கரைக்கும் என்று வாட்ஸாப்பில் வந்ததை நம்பிக் காய்ச்சிக் குடிப்பவர்கள் ஏராளம். திட்டினால் அடுத்த தடவை மறைத்துவிடுவார்கள். திட்டாமல் கேட்டு, என்ன, எவ்வளவு, எத்தனை நாளாக என்று எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுவதுதான் செவிலியரின் வேலை.

எந்தச் சிறப்புப் பணியை முதலில் தொடங்குவது?

1975-ல் பிரிட்டனில் மேக்மில்லன் என்ற தொண்டு அமைப்பு புற்றுநோயாளிகளுக்கென்று தனிச் செவிலியர்களுக்கு நிதியளித்தது. இன்று அங்கே மார்பகம், குடல், நுரையீரல் என்று ஒவ்வொன்றுக்கும் சிறப்புச் செவிலியர் உண்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1990-ல் அறுவை மருத்துவர் ஹெரால்டு ஃப்ரீமன், ஏழை நோயாளிகளைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் ‘வழிகாட்டி’ முறையைத் தொடங்கினார். இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் நகலெடுக்க முடியாது. உங்கள் பதிவேட்டைத் திறந்து, எந்த நோய் அதிகம் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மார்பகம், கருப்பைவாய், வாய், இரைப்பை. அங்கிருந்து தொடங்குங்கள்.

மார்பகச் செவிலியர்தான் முதல் பணி என்பது என் எண்ணம். அறுவைக்குப் பின் டிரெயினோடு (காயத்து நீரை வடிக்கும் குழாயோடு) வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அதை எப்படிக் காலி செய்து அளப்பது, கையை எப்போது எவ்வளவு தூக்குவது, அக்குளில் நெறிகட்டி எடுத்த பக்கத்துக் கையில் காயம் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, உள்ளாடைக்குள் வைக்கும் பஞ்சு மார்பை எப்படித் தைப்பது என்று பேச ஆண் மருத்துவரிடம் நேரமும் இருக்காது, அந்தப் பெண்ணுக்கு வாயும் வராது. கணவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவதும் இவர் வேலை.

அடுத்து ஸ்டோமா செவிலியர். குடலை வயிற்றுக்கு வெளியே திருப்பி வைக்கும் அறுவைக்கு முந்தைய நாளே, எந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும் என்று தோலில் குறியிட வேண்டும். படுக்கவைத்து மட்டும் குறிப்பது தவறு. உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, வயிற்று மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். புடவை கட்டும் அம்மாவுக்குப் பாவாடை நாடா இறுகும் கோட்டிலும், வேட்டி கட்டும் ஐயாவுக்கு இடுப்புக் கட்டிலும் அது வரவே கூடாது. வந்தால் பை ஒட்டாது, ஒழுகும், அவர் கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிடுவார். மும்பை டாடா மெமோரியலில் இதற்கான தனிப் பயிற்சி உண்டு. ஒருவரை அனுப்பினால் மாவட்டத்துக்கே போதும்.

வழிகாட்டிச் செவிலியர் பற்றிச் சுருக்கமாக: அவர் நேரத்தில் பாதி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் காகிதங்களிலும், பயாப்சி ரிப்போர்ட்டைத் துரத்துவதிலும், ‘கரண்ட் வைக்க’ (கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு) வேறு ஊருக்கு அனுப்பும் தேதிகளைக் கோர்ப்பதிலும் போகும். அது நர்சிங் வேலையா என்று கேட்பவர்கள், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களின் பட்டியலை எடுத்துப் பார்க்கலாம்.

பிறகு, வலிநிவாரணச் செவிலியர். இந்தத் துறையை உருவாக்கிய சிசிலி சாண்டர்ஸே முதலில் செவிலியராக இருந்து பின்னால் மருத்துவரானவர். 1967-ல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். கேரளம் 2008-லேயே இதற்கென்று மாநிலக் கொள்கை வகுத்தது. அங்கே ஊர் ஊராக வீட்டுக்குப் போகும் செவிலியர்களே அந்த அமைப்பின் முதுகெலும்பு. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே சென்று வலிநிவாரணம் தருவது சேர்ந்திருக்கிறது. உங்கள் செவிலியரை அவர்களோடு இணைத்துவிடுங்கள். மார்ஃபினைப் பொறுத்தவரை, போதைமருந்துச் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை அதை வாங்கி வைத்துக் கொடுப்பது எளிதாகிவிட்டது. இன்னும் தடை அலமாரிச் சாவியிலும் பயத்திலும்தான். செவிலியருக்குச் சொல்லித் தர வேண்டியவை: வலியைப் பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்டு எழுதுவது, வலி வந்தபிறகு அல்ல, மணி பார்த்துக் கொடுப்பது, மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்கியாகிவிட்டதா என்று பார்ப்பது.

சொல்லாமல் மறைக்கச் சொன்னால்

எந்தப் பாடத்திட்டத்திலும் சரியாக இடம்பெறாத, எல்லா நாளும் நடக்கும் விஷயம் இது. மகன் வாசலில் மடக்கி, ‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர், கட்டின்னு மட்டும் சொல்லுங்க’ என்பார். அரை மணி கழித்து அப்பா, ‘ஏம்மா, இது அந்த வியாதிதானே? பையன்கிட்ட சொல்லாத, தாங்கமாட்டான்’ என்பார்.

இதற்கு விதிப்புத்தகம் உதவாது, பயிற்சி உதவும். மகனிடம் முதலில் மறுக்காமல் கேட்க வேண்டும்: ‘தம்பி, சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?’ அவர் சொல்வதை முழுக்கக் கேட்டபிறகு: ‘நானா போய்ச் சொல்லமாட்டேன். ஆனா அப்பா நேரடியாக் கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன். அவர் என்ன தெரிஞ்சுவச்சிருக்கார்னு நான் முதல்ல கேட்டுப் பார்க்கட்டுமா?’ இப்படி மூன்று நான்கு வாக்கியங்களை, செவிலியர்கள் ஒருவர் மகனாகவும் ஒருவர் அப்பாவாகவும் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மனதுக்குள் பழகினால் வாசலில் நாக்கு எழாது. நோயின் நிலையை அறிவிப்பது மருத்துவரின் பொறுப்பு. அந்த நேரத்தில் அறைக்குள் செவிலியரும் இருக்க வேண்டும் என்பதை வழக்கமாக்குங்கள். மருத்துவர் போனபின் ‘டாக்டர் என்ன சொன்னார் சிஸ்டர்?’ என்ற கேள்வி செவிலியரிடம்தான் வரும்.

எதை எண்ணுவது

நிறைய எண்ணாதீர்கள். காய்ச்சலோடு வந்தவருக்கு முதல் ஆன்டிபயாடிக் ஏற எத்தனை நிமிடம் ஆனது, மாதம் எத்தனை கசிவுகள், மருந்தைத் தொடங்கும் முன் செவிலியர் பிடித்த பிழைகள் எத்தனை, தேதிக்கு வராமல் போனவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு போன் செய்தோம். இந்த ஐந்து போதும்.

மூன்றாவது எண் கூடினால் பயப்பட வேண்டாம்; முதல் ஆண்டு அது கூடத்தான் வேண்டும். பிழையைச் சொன்னவரை மெமோ கொடுத்து நிற்கவைத்தால் அடுத்த மாதமே அது பூஜ்யமாகிவிடும், அறிக்கையில் மட்டும். மாதக் கூட்டத்தில் மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் மூவரும் இருக்க வேண்டும். எண்களை வாசிப்பவர் செவிலியராக இருக்க வேண்டும்.

ஆட்களைக் காப்பாற்றுவது, ஆட்கள் போவது

ஒரே முகங்களை மாதக்கணக்கில் பார்த்து, பிள்ளை பரீட்சை எழுதியதுவரை கேட்டறிந்து, ஒரு நாள் அந்த நாற்காலிக்கு வேறொருவர் வருவதைப் பார்க்கும் வேலை இது. குழந்தைகள் வார்டில் இன்னும் கடினம். இறப்புக்குப் பிறகு பிரிவில் இருப்பவர்கள் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும். அதை டூட்டி நேரத்திலேயே வையுங்கள், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அல்ல. ஆண்டுக்கொருமுறை ரத்தப் பரிசோதனை, அதன் முடிவுகளைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, கேட்டால் ஆறு மாதம் வேறு வார்டில் இருந்துவிட்டு வர அனுமதி. ஆணையில் எழுதிய இரண்டு ஆண்டு என்பது அவரைப் பாதுகாப்பதற்கு, சிறைவைப்பதற்கல்ல.

என்ன செய்தாலும் ஒருவர் போவார். விலகல் கடிதம் வந்த அன்றே மாற்றுப் பட்டியலில் இருக்கும் செவிலியரைப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். நோட்டீஸ் மாதத்தின் முதல் இரண்டு வாரம் போகிறவர் செய்வார், வருகிறவர் பார்ப்பார். அடுத்த இரண்டு வாரம் வருகிறவர் செய்வார், போகிறவர் பார்த்துக் கையெழுத்திடுவார். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நோயாளியிடமும் இருவரும் சேர்ந்து போய், ‘இனிமே இந்த சிஸ்டர்தான் பார்த்துக்குவாங்க’ என்று சொல்ல வேண்டும். டாக்ஸோரூபிசின் கூட்டுத்தொகை எழுதிய நோட்டு, டெக்ஸ்ராஸாக்ஸேன் கிடைக்கும் கடையின் எண், தேதி தவறியவர்களின் பட்டியல், பிரிவின் செல்போன், அதன் சார்ஜர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். அதே வாரத்தில் மாற்றுப் பட்டியலுக்கு அடுத்த ஆளைத் தேர்ந்து அவருடைய பன்னிரண்டு வாரத்தைத் தொடங்கிவிடுங்கள்.